ஆஃப்டர்மார்க்கெட் பாகம் மாட்டிய பிறகு டர்போ வண்டி தகராறு செய்கிறதா? அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

ஆஃப்டர்மார்க்கெட், அதாவது வண்டிக் கம்பெனி அல்லாத வெளிக் கம்பெனியின் புதுப் பாகம் மாட்டிய மறுநாள் வண்டி மிஸ்ஸிங் அடித்தால், கை முதலில் அந்தப் பாகத்தைக் கழற்றத்தான் போகும். கொஞ்சம் பொறுங்கள். பாகமே கெட்டிருப்பது குறைவு. அது பக்கத்துப் பாகத்தோடு சேருகிற இடத்தில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். ஓஸ் உட்காரும் விளிம்பு, பேக்கிங், கனெக்டர், எர்த், விட்டம் மாறிய குழாய் என்று அந்த இடங்களைத் தேடிப் போவதுதான் கீழே உள்ள வழி.

எடுத்துக்கொண்ட வண்டி ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1781 சிசி, சிலிண்டருக்கு 5 வால்வு, டர்போ, 150 குதிரைத்திறன். வடசென்னையில் இந்த இன்ஜினை ஆசையாக வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்கள் பாகம் தேடும் பாதையும் ஏறக்குறைய ஒன்றுதான்: பழைய பாகத்துக்குப் புதுப்பேட்டை, புதியதற்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, கிடைக்காததற்கு வெளிநாட்டுப் பார்சல், பொருந்தாததைப் பொருத்த மூலக்கடை, மாதவரம் பக்கம் ஒரு லேத்துப் பட்டறை. ஐசிஎஃப், அசோக் லேலண்ட், என்ஃபீல்டு எல்லாம் வளர்ந்த பகுதி இது. நூறில் ஒரு மில்லிமீட்டரைப் பேசத் தெரிந்த கைகள் இங்கே இருக்கின்றன. அவர்களிடம் சரியான அளவைச் சொல்வது நம் வேலை.

ஒரு எச்சரிக்கை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்பிலிருந்து விலகும்படி பதிவான வண்டியை மாற்றக்கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவதும் இதைத்தான். பவர் கூட்டும் மாற்றங்களை இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் மட்டும் ஓடும் வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தெரு வண்டிக்கு ஒரிஜினல் அளவிலேயே உள்ள மாற்றுப் பாகங்கள் போதும். சோதனை முறை இரண்டுக்கும் பொது.

கையில் இருக்க வேண்டியவை: ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளின் மெஷரிங் பிளாக்கை (கம்ப்யூட்டர் காட்டும் அளவுகளின் எண்ணிட்ட தொகுப்பு) படிக்கும் ஸ்கேனர், மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ், டார்க் ரென்ச், சோப்புத் தண்ணீர்.

ஐடிலிங் நிற்கவில்லை, ஆர்பிஎம் ஏறி இறங்குகிறது

ஏர் ஃபில்டர் கிட், இன்டேக் குழாய், டைவர்ட்டர் வால்வு (ஆக்சிலரேட்டரை விட்டதும் டர்போவின் மிச்சக் காற்றைத் திருப்பிவிடுவது) ஆகிய மூன்றில் ஒன்றைத் தொட்டபின் வருவது இது.

ஸ்கேனரில் பிளாக் 032ஐத் திறங்கள். முதல் எண் ஐடிலில் கம்ப்யூட்டர் செய்துகொண்ட பெட்ரோல் திருத்தம், இரண்டாவது எண் ஓட்டத்தில் செய்துகொண்டது. இரண்டும் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. முதல் எண் மட்டும் பிளஸ்ஸில் ஏறியிருந்தால், உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் கணக்கில் எடுக்காத காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது. அதாவது வேக்கம் லீக். இரண்டாவது எண் மட்டும் பிளஸ்ஸில் ஏறியிருந்தால் சென்சார் காற்றைக் குறைத்துச் சொல்கிறது, அல்லது பெட்ரோல் போதவில்லை. இரண்டுமே மைனஸில் கிடந்தால் பெட்ரோல் அதிகம். ஃப்யூல் பிரஷர் ரெகுலேட்டரின் வேக்கம் குழாயைப் பிடுங்கி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது.

வேக்கம் லீக்கைப் பிடிக்கப் புகை விட்டுப் பார்ப்பதுதான் சுத்தமான வழி. புகை மெஷின் இல்லாத பட்டறையில் கார்ப் கிளீனரைத் தெளித்து ஆர்பிஎம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கம் தெளித்தால் தீப்பிடிக்கும், ஆகவே இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் செய்யுங்கள். இந்த இன்ஜினில் முதலில் பார்க்க வேண்டியது இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஓடும் பிரீதர் குழாய்கள், அதாவது கிராங்க்கேஸின் ஆவியை வெளியேற்றும் குழாய்கள். இத்தனை வருட வெப்பத்தில் அவை பிஸ்கட் மாதிரி நொறுங்கிப்போயிருக்கும். மேலே பளபளப்பான புதுக் குழாய் மாட்டும்போது கை பட்டு அடியில் உடைவது இவைதான்.

எங்கும் லீக் இல்லை, ஆனால் இரண்டாவது எண் பிளஸ்ஸிலேயே நிற்கிறது என்றால், புது இன்டேக் குழாயின் உள்விட்டத்தை அளந்து பாருங்கள். இந்தச் சென்சார் காற்றின் மொத்த அளவை நேரடியாக அறிவதில்லை. தன் இழை மேல் காற்று எவ்வளவு வெப்பத்தைப் பறிக்கிறது என்பதை வைத்துக் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு ஒரிஜினல் குழாயின் விட்டத்துக்கு மட்டுமே சரி. 70 மிமீ இருந்த இடத்தில் 76 மிமீ குழாய் வைத்தால், விட்டம் வெறும் 6 மிமீதான் கூடியது போலத் தெரியும். பரப்பளவோ கிட்டத்தட்ட 18 சதவீதம் கூடிவிட்டது. அதே அளவு காற்று வந்தாலும் இழையைக் கடக்கும் வேகம் 15 சதவீதம் குறையும், சென்சாரும் ஏறக்குறைய அவ்வளவு குறைத்தே சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் குறைக்கும். குழாயில் தப்பில்லை, சென்சாரிலும் தப்பில்லை, இரண்டும் ஒன்றுக்கொன்று சேரவில்லை. தீர்வு இரண்டு: ஒரிஜினல் சென்சார் கூட்டையே வைத்து அதற்கு அப்புறம் குழாயை அகலமாக்குவது, அல்லது புது விட்டத்துக்கு ஏற்பக் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றுவது, அதாவது ட்யூன் செய்வது.

எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டர் போட்டவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். கழுவியபின் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால் அது பறந்து போய் இழையில் படியும், சென்சார் மந்தமாகும். அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் கழுவுங்கள், விரலோ துணியோ படக்கூடாது.

காற்றை வெளியே விடும் புளோஆஃப் வால்வு போட்டுவிட்டு, ஆக்சிலரேட்டரை விட்டதும் வண்டி குலுங்கி அணைகிறது என்று வருபவர்கள் பலர். சென்சார் ஏற்கெனவே எண்ணிவிட்ட காற்றை நீங்கள் வெளியே விட்டுவிட்டீர்கள், அதற்கான பெட்ரோல் மட்டும் உள்ளே போய்விட்டது. இந்த இன்ஜினுக்குக் காற்றை மறுபடி இன்டேக்குக்கே திருப்பும் டைவர்ட்டர் வால்வுதான் சரி. 06ஏ 145 710 என் என்ற எண்ணுள்ள பாஷ் வால்வு போதுமானது, விலையும் மலிவு. சத்தத்துக்காக இன்ஜினைச் சிரமப்படுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பழைய வால்வு வாங்கினால் கடையிலேயே சோதித்துவிடலாம். உள்ளே உள்ள பிஸ்டனை அமுக்கி, வேக்கம் நிப்பிளைக் கட்டைவிரலால் அடைத்துவிட்டு, பிஸ்டனை விடுங்கள். அமுங்கியே நின்றால் நல்ல வால்வு. மெதுவாக வெளியே வந்தால் டயாஃப்ரம் கிழிந்தது.

பிக்கப் இல்லை, டர்போ இழுக்கவில்லை

பூஸ்ட் என்பது டர்போ காற்றைத் தள்ளும் அழுத்தம். பிளாக் 115இல் கம்ப்யூட்டர் கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும். மூன்றாவது கியரில் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பதிவு செய்ய வேண்டும். கிடைத்தது கேட்டதைவிடத் தொடர்ந்து குறைவாக இருந்தால் லீக், அல்லது வேஸ்ட்கேட் (எக்ஸாஸ்ட் வாயுவை டர்போவைத் தொடாமல் திருப்பிவிடும் கதவு) சரியாக மூடவில்லை. இரண்டும் சமமாக இருந்தும் இழுவை இல்லையென்றால் டர்போவை விட்டுவிடுங்கள், இக்னிஷன் பக்கம் போங்கள்.

கூடவே சென்சாரின் உச்ச அளவையும் பாருங்கள். நொடிக்கு எத்தனை கிராம் காற்று என்ற எண்ணை 0.8ஆல் வகுத்தால் தோராயமான குதிரைத்திறன் கிடைக்கும். 150 குதிரைத்திறன் வண்டியில் 120 கிராம் பக்கம் வர வேண்டும். 90க்கு மேல் ஏறவில்லை என்றால் ஒன்று காற்று வரவில்லை, அல்லது சென்சார் செத்துக்கொண்டிருக்கிறது.

பூஸ்ட் லீக் பார்க்கும் கருவியை ஹார்டுவேர் கடைப் பொருளிலேயே செய்யலாம். பிவிசி எண்டு கேப், அதில் துளை போட்டு ஒரு டயர் வால்வு, அவ்வளவுதான். டர்போவின் காற்று நுழையும் வாயில் அதைக் கிளாம்ப் போட்டு மாட்டுங்கள். பிரீதர் குழாய் சேரும் கிளையை அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அழுத்தம் கிராங்க்கேஸுக்குள் போய் ஆயில் சீலைத் தள்ளிவிடும். ரெகுலேட்டர் வைத்து மெல்ல மெல்ல 1 பார் வரை ஏற்றிவிட்டு, இணைப்பு தோறும் சோப்புத் தண்ணீர் அடியுங்கள். பஞ்சர் கடைக் கம்ப்ரசரை நேராகக் கொடுக்க வேண்டாம். எங்காவது வால்வு திறந்திருந்தால் சிலிண்டர் வழியாகக் கொஞ்சம் காற்று போகும், அது இயல்பு. கிராங்க்கைக் கையால் சற்றுத் திருப்பிவிட்டுப் பாருங்கள்.

குமிழி வரும் இடம் பெரும்பாலும் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயும் சிலிக்கான் ஓஸும் சேரும் விளிம்பு. இங்கே லேத்து அண்ணனின் உதவி வேண்டும். "அண்ணே, இந்த முனையில ஓஸ் நழுவாம ஒரு ரிங் தூக்கிக் குடுங்க" என்றால் புரிந்துகொள்வார். மழமழவென்று வெட்டிய அலுமினியக் குழாயில் எந்தக் கிளாம்ப்பும் பூஸ்ட்டைப் பிடித்து நிற்காது. விளிம்பைச் சுற்றி ஒரு மேடு வேண்டும், ஓஸ் அந்த மேட்டைத் தாண்டி உட்கார வேண்டும், கிளாம்ப் மேட்டுக்குப் பின்னால் இறுக வேண்டும். பற்கள் வெட்டிய சாதாரணக் கிளாம்ப் சிலிக்கானை அறுக்கும். டி-போல்ட் கிளாம்ப் வாங்குங்கள். மாட்டுமுன் குழாயிலும் ஓஸ் உட்புறத்திலும் உள்ள ஆயில் படலத்தை பிரேக் கிளீனரால் துடையுங்கள். இந்தத் துடைப்பைத் தவிர்ப்பதால்தான் பாதி ஓஸ்கள் கழன்று பறக்கின்றன.

லீக் எங்குமே இல்லையென்றால் வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டரின் கம்பியைப் பாருங்கள். மாற்று டர்போக்களில் இது பெரும்பாலும் செட் செய்யப்படாமலே வரும். கம்பியைத் துளையில் மாட்ட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இழுக்க வேண்டியிருந்தால் சரி. தொளதொளவென்று தானாகப் போய் உட்கார்ந்தால் கதவு முழுதாக மூடவில்லை.

பூஸ்ட்டில் மட்டும் மிஸ்ஸிங்

ஐடிலில் நன்றாக இருக்கும், காலை அழுத்தினால் குலுங்கும், செக் லைட் விட்டுவிட்டு மின்னும். மின்னினால் காலை எடுத்துவிடுங்கள், எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டில் போய் எரிகிறது என்று பொருள்.

ஸ்பார்க் பிளக் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளங்கள். பெட்டியிலிருந்து எடுத்த இடைவெளியை நம்ப வேண்டாம். 0.8 மிமீ வைத்த பிளக்கில் பூஸ்ட்டைக் கூட்டினால் பொறி அணையும், 0.7க்கு இறக்கிப் பாருங்கள். அடுத்து, கோளாறு காட்டும் சிலிண்டரின் இக்னிஷன் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் காயில்தான். போகவில்லை என்றால் கனெக்டர், ஒயர், எர்த்.

எர்த்தை நம் பக்கம் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்று அடிக்கும் தெருக்களில் நிற்கும் வண்டிக்கு எர்த் ஸ்டிராப் உள்ளுக்குள்ளேயே பச்சை பூக்கும், வெளியே நன்றாகத் தெரியும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும், மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றவிடுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஸ்டிராப்பை மாற்றிவிடுங்கள். புதிய காயில் செட்டின் விலையை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை.

கத்திரி வெயிலில் நாக்கிங்

நாக்கிங் என்பது பெட்ரோல் நேரம் தப்பித் தானாக வெடிக்கும் சத்தம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, வழி கிடைத்ததும் அழுத்தினால் கடகடவென்று சத்தம் வருகிறது என்றால், பிளாக் 020இல் சிலிண்டர் வாரியாக இக்னிஷன் எவ்வளவு பின்வாங்குகிறது என்று பாருங்கள். ஒன்றிரண்டு டிகிரி பரவாயில்லை. நான்கு சிலிண்டரிலும் ஆறேழு டிகிரியைத் தாண்டினால் காற்று சூடு, அல்லது பெட்ரோல் தரம். ஒரே சிலிண்டரில் மட்டும் என்றால் அந்தப் பிளக்கும் இன்ஜெக்டரும்.

குளிர்ந்த பிளக் (வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தி முனை ஆறிவிடும் வகை) வாங்கப் போகிறவர்கள் கம்பெனியைப் பார்த்து எண்ணைக் கேளுங்கள். என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் குளிர்ந்தது. பாஷ் பிளக்கில் நேரெதிர், எண் குறைந்தால் குளிர்ந்தது. கவுண்டரில் "ஒரு நம்பர் ஜாஸ்தி குடுங்க" என்று பொதுவாகக் கேட்டால் சூடான பிளக்கோடு வீட்டுக்கு வரும் வாய்ப்பு உண்டு. ட்யூன் செய்த 1.8 டர்போவுக்கு என்ஜிகேயில் 7ஆம் எண் வழக்கம்.

மாற்றியும் மாறவில்லை

புது சென்சார், புது இன்ஜெக்டர், ஆனால் அளவு பழையபடியே. இங்கே வாங்கிய இடத்தைத்தான் யோசிக்க வேண்டும். போலி சென்சார் அட்டைப்பெட்டியில் அச்சு அசலாக இருக்கும். பாகத்தின் மேலேயே பாருங்கள்: ஒரிஜினலில் எண் லேசரில் பொறிக்கப்பட்டோ வார்ப்பிலேயே எழும்பியோ இருக்கும், போலியில் மை அச்சாக இருந்து நகத்தால் சுரண்டினால் போகும். கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய், எண்ணின் கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள். கடைசி எழுத்து மாறினால் உள்ளே உள்ள கணக்கும் மாறியிருக்கலாம்.

இன்ஜெக்டருக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். இந்த இன்ஜினுக்கு 12 முதல் 16 ஓம் காட்டும் வகைதான் வேண்டும். 2, 3 ஓம் காட்டுவதை மாட்டினால் கம்ப்யூட்டரின் டிரைவர் எரியும், அந்தச் செலவு தாங்காது. 3 பார் ரெகுலேட்டரை 4 பார் ஆக்கினால் அதே இன்ஜெக்டர் சுமார் 15 சதவீதம் கூடுதலாகக் கொட்டும். ட்யூன் மாற்றாமல் இதைச் செய்தால் மேலே சொன்ன இரண்டு எண்களும் மைனஸுக்குப் போய்விடும்.

புதுப்பேட்டையில் பழைய டர்போ எடுக்கும்போது, ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். அந்தத் திசையில் ஆட்டம் தெரியவே கூடாது. பக்கவாட்டில் மெல்லிய ஆட்டம் இருக்கும், அது இயல்பு, ஆனால் இறக்கை சுவரைத் தொட்ட கோடு எதுவும் இருக்கக்கூடாது. டார்ச் அடித்துப் பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் "அண்ணே, ஒரு நிமிஷம் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பொறுமையாகவே பாருங்கள்.

டர்போ மாற்றியபின் நீலப் புகை

"புது டர்போவே ஆயில் சாப்பிடுது" என்று திருப்பிக் கொடுக்கப்படும் டர்போக்களில் பலவற்றின் மேல் பழி தவறாக விழுகிறது. டர்போவுக்குள் ரப்பர் சீல் கிடையாது. சிறிய உலோக வளையங்களும், இரு பக்க அழுத்த வித்தியாசமும்தான் ஆயிலைத் தடுக்கின்றன. ஆயில் கீழே இறங்க வழியில்லாவிட்டால் அது வளையத்தைத் தாண்டி எக்ஸாஸ்ட்டுக்குள் போகும்.

ரிட்டர்ன் குழாயைக் கழற்றுங்கள். பேக்கிங்கின் துளை சரியாக உட்கார்ந்திருக்கிறதா, சீலண்ட் பிதுங்கித் துளையை அடைத்திருக்கிறதா, குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா? குழாய் செங்குத்திலிருந்து 35 டிகிரிக்குள் சரிந்து கீழ்நோக்கி மட்டுமே போக வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் மேலேறினாலும் ஆயில் தேங்கும். அடுத்தது பிரீதர். கிராங்க்கேஸ் அழுத்தம் வெளியேற வழியில்லாவிட்டால் ரிட்டர்ன் ஆயிலுக்கு எதிரே அது கதவை அடைக்கும். ஆயில் மூடியைத் திறந்து ஐடிலில் விட்டுப் பாருங்கள், வீச்சோடு புகை தள்ளினால் பிரீதர் அடைப்பு, அல்லது பிஸ்டன் ரிங் தேய்மானம்.

டர்போ உண்மையிலேயே போயிருந்தால், அதைக் கொன்றது எது என்று தெரியாமல் அடுத்ததை மாட்டக்கூடாது. இந்த இன்ஜினில் கருகிய ஆயில், சம்ப்பில் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) உள்ள உறிஞ்சு வடிகட்டியை அடைப்பது எல்லோரும் அறிந்த பலவீனம். சம்ப்பை இறக்கிக் கழுவுங்கள். இதற்குப் பேக்கிங் கிடையாது, சீலண்ட் மட்டும்தான். 2, 3 மிமீ கோடு போதும், தாராளமாகப் பூசினால் உள்ளே பிதுங்கிய துண்டு உதிர்ந்து அதே வடிகட்டியில் போய் உட்காரும். டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் மெல்லிய குழாயையும் புதிதாகவே போடுங்கள், எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது உள்ளுக்குள் கருகியிருக்கும். மாட்டியபின் டர்போவின் ஆயில் துளையில் நல்ல ஆயில் ஊற்றி, கையால் சுற்றி, இன்ஜெக்டர் கனெக்டர்களையும் காயில் கனெக்டர்களையும் பிடுங்கிவிட்டு, ஆயில் லைட் அணையும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். அதற்குப் பிறகுதான் ஸ்டார்ட்.

ஹீட் ஏறுகிறது

வாட்டர் பம்ப் மாற்றிய கையோடு வந்தால் ஏர் லாக், அதாவது கூலண்ட் பாதையில் காற்று மாட்டியிருக்கிறது. ஹீட்டரைத் திறந்து வைத்து காற்றை வெளியேற்றுங்கள். பம்ப் வாங்கும்போது உலோக இறக்கை உள்ளதைக் கேளுங்கள், பிளாஸ்டிக் இறக்கை விரிசல் விட்டு ஷாஃப்ட்டில் வெறுமனே சுற்றும். கூலண்ட்டில் கலக்க டிஸ்டில்டு வாட்டர் மட்டும். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் உள்வந்திருப்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். அந்த போர் தண்ணீரை அலுமினிய ரேடியேட்டரில் ஊற்றினால் அரித்துத் தின்றுவிடும்.

பெட்ரோல் வாடை

உடனே வண்டியை நிறுத்துங்கள், இதற்குத் தள்ளிப்போடல் கிடையாது. இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் அதில் ஊறி உப்பும், பிறகு வெடிக்கும். இன்ஜெக்டர் ஓ-ரிங் வாங்கும்போது விட்டான் (எத்தனாலைத் தாங்கும் ரப்பர் வகை) என்று கேட்டு வாங்குங்கள். ஃப்யூல் ஓஸின் மேல் 'எஸ்ஏஇ ஜே30 ஆர்9' என்று அச்சிட்டிருக்க வேண்டும். மீட்டர் கணக்கில் வெட்டித் தரும், எழுத்தே இல்லாத கறுப்புக் குழாய் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பி0420 மட்டும் எரிகிறது, வண்டி நன்றாக ஓடுகிறது

பி0420 என்பது கேட்டலிஸ்ட் சரியாக வேலை செய்யவில்லை என்று ஸ்கேனர் காட்டும் பிழை எண். சைலன்சர் மாற்றும்போது கேட்டலிஸ்ட்டையும் எடுத்துவிட்டார்கள் என்றால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை. கேட்டலிஸ்ட்டைத் திரும்ப வையுங்கள். அது இருந்தும் எரிந்தால், பின் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் உள்ள வெல்டிங்கில் லீக் பாருங்கள்.

எல்லாம் சரியானபின் ஸ்கேனரில் பழைய பிழைகளை அழித்து, கம்ப்யூட்டர் கற்றுவைத்த திருத்தங்களையும் பூஜ்யமாக்கிவிட்டு, சில நாள் சாதாரணமாக ஓட்டுங்கள். பிறகு பிளாக் 032ஐ மறுபடி பார்த்து அந்த இரண்டு எண்களையும் தேதியோடு எழுதி வையுங்கள். வெயிலில் ஒரு சுற்று ஓடியபின் இன்ஜின் ஆறியதும், இன்டர்கூலர் கிளாம்ப்கள் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்குங்கள். சிலிக்கான் ஓஸ் முதல் வெப்பத்தில் கொஞ்சம் படியும்.